ஒன்று இருபது முதல் இரண்டு வரை

விண்மீனை ஊசித் துளைக்குள் நிறுத்தியதும்
"ம்" என்பாள் மில்டா.
பத்து நொடி.
எண்ணியில் இலக்கங்கள் ஓடி நிற்கும்.
நான் எழுதுவேன்.
வடிகட்டிச் சக்கரம் ஒரு பல் நகரும்.
மீண்டும் பத்து நொடி.
ஏழு கண்ணாடிகள், புற ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடிபவை.
பிறகு குழாயை மயிரிழை விலக்கி
அதே ஏழிலும்
மீனில்லாத வானத்தை எண்ணுவோம்.
வெறும் வானத்துக்கும் எண் உண்டு.
அதைக் கழித்த பிறகுதான்
மிச்சம் மீனுடையது.

மொலேதை ஏரிகளுக்கு மேலே ஒரு குன்று.
எழுபத்தெட்டாம் ஆண்டு, ஆகஸ்ட்.
கூரை திறந்திருக்கும் இரவுகளில் ஆகஸ்டிலும் கம்பளி வேண்டும்.
அறுமீனுக்கு எங்கள் மொழியில் சல்லடை என்று பெயர்.
சலிப்பதுதான் எங்கள் வேலையும்,
இரண்டு பொருளிலும்.

அன்றைக்கு அறுமீன் இல்லை.
காசியோப்பியாவின் ஓரத்தில் ஒரு கொத்து,
பட்டியலில் எழுபத்தேழு எண்பத்தொன்பது.
வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை.
குழாயில் பார்த்தால்
கை தவறிக் கொட்டிய உப்பு.
எல்லாம் ஒரே மேகத்தில் ஒரே காலத்தில் பிறந்தவை,
வயதைக் கேட்டு வேறுபாடு காண முடியாது,
எடையைத்தான் கேட்க வேண்டும்.
கனத்தவை முதலில் எரிந்து தீர்ந்து
ஊதி, சிவந்து,
வரிசையை விட்டு விலகி நிற்கும்.
வரைதாளில் நிறம் குறுக்கே, ஒளி நெடுக்கே.
ஒளி கூடக் கூட எண் குறையும்.
இப்படிக் கணக்கு வகுத்தவனை
மில்டா இரவுக்கு ஒருமுறை திட்டுவாள்.

ஒன்று இருபதுக்குப் பிறகு
எல்லாம் சிவந்தன.
பத்தொன்பதாம் மீன் சிவப்பு.
இருபத்திரண்டு, அதுவும்.
முப்பத்தொன்று நேற்றுவரை நீலம்,
இன்று முகமெல்லாம் துரு.
"அரைமணியில் கொத்து முழுக்கக் கிழடு தட்டிவிட்டதா?"
கேட்டாள், சிரிக்கவில்லை.
குழாயை ஒப்பு மீனுக்குத் திருப்பினாள்.
நிறம் மாறாதென்று
பத்து வருடமாக நம்பி வந்த மீன்.
அதுவும் சிவப்பு.

உலர்பனி தீர்ந்ததா? இல்லை.
ஆடியில் ஈரமா? விளக்கடித்தாள், இல்லை.
நான் படியிறங்கி வெளியே வந்தேன்.
கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்தது,
பிர்ச் விறகு.
ஏரிக்கரையில் கிப்ராஸின் ஆவிக்குளியல் குடில்
அந்நேரத்துக்குப் புகைந்துகொண்டிருந்தது.
காற்றில்லாத இரவு.
புகை குன்றில் ஊர்ந்து ஏறி
வடகிழக்கை மறித்து நின்றது,
மீன்கள் மறையாத அளவுக்கு.

காலையில் பால் வாங்கப் போன இடத்தில் கேட்டாள்,
நடுச்சாமத்தில் யார் குளிப்பார்கள் என்று.
"ரை அறுத்து முடியவே பன்னிரண்டு ஆச்சு.
ஏழு பேர். கழுத்தெல்லாம் உமி. அப்படியே படுக்கச் சொல்கிறாயா?"
பாத்திரத்தை நிரப்பிவிட்டு,
"உன் மீன்களுக்கு என்ன?"
"சிவந்துவிட்டன."
"நாங்களும்தான்."
சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான்.
இலைக்கொத்தால் விளாசிய தடம்,
தோளிலிருந்து இடுப்புவரை.

நாற்பது நிமிடத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தாள்.
விளிம்பில் எழுதினாள்:
புகை. ரை அறுவடை.

மறுநாள் காற்று கழுவிவிட்டது போலிருந்தது.
முப்பத்தொன்று நீலத்துக்குத் திரும்பியது,
ஒப்பு மீன் தன் பழைய எண்ணுக்கு.
இருபத்திரண்டு மட்டும் திரும்பவில்லை.
அதற்கடுத்த இரவிலும்.
அந்தச் சிவப்பு அதன் சொந்தச் சிவப்பா,
அல்லது வழியில் எங்கோ
இன்னும் பெரிய புகையா?
தூசி தின்ற சிவப்புக்கு ஒரு சாய்வு,
தானாய்ச் சிவந்ததற்கு வேறொன்று.
பிரித்துச் சொல்லத்தான் ஏழு கண்ணாடி.
ஆனால் கணக்கு பனிக்காலத்துக்கு முன் முடியாது.

அதுவரை இருக்கட்டும் என்று
இருபத்திரண்டுக்கு எதிரே
ஒரு கேள்விக்குறி போட்டேன்.
விரல் விறைத்திருந்ததில்
அது கொக்கிபோல் கோணிக்கொண்டது.
மில்டா பார்த்தாள்.
அழிக்கவில்லை.
"அடுத்தது," என்றாள்.